மண்ணில் முளைக்காத உழவுச் சொல்

1794 மே 8 அன்று பாரிசில் கில்லட்டினுக்குத் தலை கொடுத்த 28 பேரில் ஒருவர் அந்துவான் லவாய்சியே. எரிதலில் ஆக்சிஜனுக்கு உள்ள பங்கை விளக்கி நவீன வேதியியலுக்கு அடித்தளம் இட்டவர். அவர் மீது சாட்டிய குற்றத்துக்கும் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கும் தொடர்பு இல்லை. அவர் ஒரு 'ஃபெர்மியே ஜெனரால்'. ஆங்கில நூல்கள் அதை 'ஃபார்மர் ஜெனரல்' என்று எழுதுகின்றன. ஃபார்மர் என்றால் விவசாயி என்று பள்ளியில் படித்த நமக்கு, ஏதோ நிலக்கிழார் என்பதற்காகக் கொன்றுவிட்டார்கள் போலும் என்று தோன்றும். லவாய்சியேவுக்கு நிலமும் இருந்தது. புளுவா நகருக்கு அருகே ஃப்ரெஷின் என்ற ஊரில் 1778இல் நிலம் வாங்கி, எருவையும் விளைச்சலையும் கணக்கெடுத்துச் சோதனைகள் செய்தார். ஆனால் அவர் உயிரைப் பறித்த பட்டத்துக்கும் அந்த வயலுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஃபெர்மியே ஜெனரால் என்றால் வரிக் குத்தகைக்காரர். உப்பு, புகையிலை, நகருக்குள் வரும் சரக்கு ஆகியவற்றின் மீதான மறைமுக வரிகளை வசூலிக்கும் உரிமையை பிரெஞ்சு அரசர் ஆறு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு கூட்டு நிறுவனத்துக்கு விட்டார். அவர்கள் ஒப்புக்கொண்ட தொகையை அரசுக்குக் கட்டிவிட வேண்டும். அதற்கு மேல் வசூலாவது அவர்களுடையது. லவாய்சியே 1768இல் அதில் பங்கு வாங்கினார். சரக்கு கள்ளத்தனமாக உள்ளே வருவதைத் தடுக்க 1780களில் பாரிசைச் சுற்றிச் சுமார் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் எழுந்தது. அந்த யோசனைக்கும் அவர் காரணம் என்று நகரம் நம்பியது. 1789 ஜூலையில் பாஸ்டில் சிறை விழுவதற்கு முன்பே அந்த மதிலின் சுங்கச் சாவடிகளுக்கு மக்கள் தீ வைத்தார்கள். ரொட்டியின் விலையில் ஏறி உட்கார்ந்திருந்தவர் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வரி வசூலித்தவனுக்கும் ஏர் ஓட்டியவனுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? 'ஃபார்ம்' என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள கதை அதுதான். உழவைப் பற்றிய சொல்லாக அது பிறக்கவில்லை. குத்தகையைப் பற்றிய சொல்லாகப் பிறந்து, பல நூற்றாண்டுகள் அப்படியே வாழ்ந்து, பிறகுதான் வயலில் இறங்கியது.

மூலம் லத்தீன். 'ஃபிர்முஸ்' என்றால் உறுதியானது. உறுதிசெய்வது 'ஃபிர்மாரே'. அதிலிருந்து இடைக்கால லத்தீனில் 'ஃபிர்மா' வந்தது: கூடாமல் குறையாமல் நிலைநிறுத்திய தொகை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை என்று சொன்னால் நம் டெல்டா குத்தகைதாரருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பழைய பிரெஞ்சில் அது 'ஃபெர்ம்' ஆனது. நார்மானியர்களோடு இங்கிலாந்துக்குப் போனது. இந்த வேரிலிருந்து கிளைத்தவை நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன. கையெழுத்திட்டு உறுதிசெய்வதால் இத்தாலிய மொழியில் 'ஃபிர்மா' என்றால் கையொப்பம். ஒரு கையொப்பத்தின் கீழ் நடக்கும் வணிகம் என்ற பொருளில் அது ஆங்கிலத்தில் நிறுவனத்தைக் குறிக்கும் 'ஃபர்ம்' ஆனது. பயணச் சீட்டு 'கன்ஃபர்ம்' ஆனதா என்று கேட்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். பிரெஞ்சில் கடையைச் சாத்துவதற்கு 'ஃபெர்மே' என்கிறார்கள். தாழிட்டு உறுதியாக்குவதிலிருந்து வந்த பொருள் அது. முகலாய ஆணையான 'ஃபர்மான்' காதுக்கு உறவு போல ஒலித்தாலும் பாரசீகச் சொல். இந்தக் குடும்பத்தில் சேராது.

இங்கிலாந்தில் இதற்கு முன்பே ஒரு சொல் காத்திருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஃபெயோர்ம்' என்றால் உணவு, விருந்து. அரசனுக்கும் அவன் பரிவாரத்துக்கும் குடிகள் அளக்க வேண்டிய உணவுக் கடமையும் அதுதான். அந்தக் கடமை எப்படி இருந்தது என்பதற்கு 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸ் அரசன் ஐனே வகுத்த சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. பத்துக் குடும்ப அளவு நிலத்துக்கு 10 பானை தேன், 300 ரொட்டி, பீப்பாய்க் கணக்கில் மது, 2 மாடு அல்லது 10 கிடா, 10 வாத்து, 20 கோழி, 10 பாலாடைக்கட்டி, 5 சால்மன் மீன், 100 விலாங்கு. 1086இல் தொகுத்த டூம்ஸ்டே பதிவேட்டில் தென்மேற்குப் பகுதியின் சில அரச நிலங்களுக்கு 'ஓர் இரவுக்கான ஃபிர்மா' என்று வரி குறித்திருக்கிறார்கள். அரசன் ஒரு நாள் தங்கினால் ஆகும் சாப்பாட்டுச் செலவே அந்த நிலத்தின் அளவுகோல். பழைய ஆங்கிலச் சொல்லும் லத்தீன் சொல்லும் தனித்தனியாகப் பிறந்து இங்கே கலந்தனவா, ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததா என்பதில் சொற்பிறப்பு அறிஞர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. எனக்குக் கலப்பு என்றே தோன்றுகிறது. ஒன்றில் சாப்பாடு, மற்றதில் கணக்கு. இரண்டிலும் கொடுப்பவர் ஒருவரே.

விரைவில் சாப்பாடு பணமாக மாறியது. மாவட்ட அதிகாரியான ஷெரிஃப் தன் மாவட்டத்துக்கு ஒரு தொகையைப் பேசி முடித்து ஆண்டுதோறும் அரசுக் கருவூலத்தில் கட்டினார். அதற்குப் பெயர் 'கவுண்டியின் ஃபார்ம்'. இங்கிலாந்தில் இன்று எஞ்சியுள்ள கருவூலக் கணக்குச் சுருள்களில் மிகப் பழையது 1129-30ஆம் ஆண்டுக்கானது. அதில் எல்லாம் ஃபார்ம் என்பது ஒரு தொகை. அதை உழ முடியாது, அறுக்க முடியாது. கட்டலாம், பாக்கி வைக்கலாம்.

அந்தத் தொகைச் சொல் நிலச் சொல்லாக மாறிய இடம்தான் எனக்கு மிகவும் முக்கியம். இங்கிலாந்துப் பிரபு ஒவ்வொருவருக்கும் சொந்தச் சாகுபடி நிலம் இருந்தது. குடியானவர்கள் தங்கள் நிலத்தை உழுவதோடு வாரத்தில் சில நாள் இதிலும் கூலியின்றி உழைக்க வேண்டும். 1348-49இல் கொள்ளை நோய் வந்து மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கொண்டுபோனது. ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறியது. தானே பயிரிட்டுக் கட்டுப்படியாகாத பிரபுக்கள் அடுத்த நூறு ஆண்டுகளில் அந்தச் சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள், அதாவது 'ஃபார்மு'க்கு விட்டார்கள். எடுத்தவர் 'ஃபார்மர்'. குத்தகை நிலத்துக்கே ஃபார்ம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் குத்தகை என்ற நினைவு மெல்ல மங்கி, பயிரிடும் நிலம் எதுவானாலும் ஃபார்ம், பயிரிடுபவர் எவரானாலும் ஃபார்மர் என்று ஆனது. அதுவரை உழவனுக்கு ஆங்கிலத்தில் இருந்த சொல் 'ஹஸ்பண்ட்மேன்'. அது பின்வாங்கிப் போயிற்று.

சொல்லின் பொருள் மாறினாலும் நிலத்தின் நிலை உடனே மாறிவிடவில்லை. முதல் உலகப் போருக்கு முன்பு வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாகுபடி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு குத்தகைதாரர்களின் கையில்தான் இருந்தது. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலில் வரும் ராபர்ட் மார்ட்டினை நம்மில் பலர் ஊர் விவசாயி என்று வாசித்துவிட்டுக் கடந்திருப்போம். அவர் நிலக்கிழார் நைட்லியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுபவர். எம்மா அவரைத் தாழ்வாக எண்ணுவதன் சமூகக் காரணம் அந்தக் குத்தகைக்குள்தான் இருக்கிறது. பொருளியலாளர் ரிக்கார்டோ 1817இல் வாரக் கோட்பாட்டை எழுதியபோது கண்முன் வைத்ததும் இந்த மூவரைத்தான்: நிலம் உடையவர், ஃபார்மர், கூலியாள். கடல் தாண்டி அமெரிக்கா போன பிறகே, சொந்த நிலத்தை உழுபவர் என்ற மிடுக்கு அந்தச் சொல்லுக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. பிறகு நிலமில்லாதவரைக் குறிக்க 'டெனன்ட் ஃபார்மர்' என்று அடைமொழி சேர்த்தார்கள். வேரைத் தோண்டிப் பார்த்தால் அதன் பொருள் 'குத்தகைக் குத்தகைக்காரர்'.

பிரெஞ்சு மொழி பழசை மறக்கவில்லை. அங்கே 'ஃபெர்ம்' என்றால் இன்றும் பண்ணையும் உண்டு, குத்தகையும் உண்டு. நிலக் குத்தகைத் தொகைக்கு 'ஃபெர்மாஜ்' என்று பெயர். விளைச்சலில் பங்கு தரும் வாரதாரருக்கு 'மெத்தாயே' என்று தனிச் சொல்லும் இருக்கிறது. நம் குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள அதே பிரிவினை.

இப்போது நம் பக்கம் வருகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களைத் தமிழில் எழுத முற்படுவோர் வழுக்கி விழும் இடம் இது. 1770 பஞ்சத்தில் வங்காளத்தின் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மடிந்ததாக அக்காலத்திலேயே கணித்தார்கள். இரண்டே ஆண்டில், 1772இல், வாரன் ஹேஸ்டிங்ஸ் அரசு நிலவரி வசூலை ஐந்தாண்டுக்கு ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர்களை ஆவணங்கள் ஃபார்மர் என்கின்றன. அதை 'விவசாயிகள்' என்று பெயர்த்தால் சுரண்டியவரும் சுரண்டப்பட்டவரும் இடம் மாறிவிடுவார்கள். விவசாயிகள் அதிக வரி வசூலித்தார்கள் என்று பொருள்படும் வாக்கியம் பிறக்கும். மடிந்துபோனவர்களுக்கு அதைவிடப் பெரிய அநியாயத்தை ஒரு மொழிபெயர்ப்பு செய்ய முடியாது.

சென்னைப் பக்கத்து ஆவணங்களில் இவர்களைப் பெரும்பாலும் 'ரென்டர்' என்றே எழுதினார்கள். செங்கல்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763இல் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். கம்பெனி 1780 வரை அதை அந்த நவாபுக்கே குத்தகைக்கு விட்டு வைத்திருந்தது. நமக்கெல்லாம் மருதநாயகம் என்று தெரிந்த யூசுப் கான் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஆளுநர் போல இருந்தார் என்று சொல்வோம். கணக்கேட்டின்படி அவர் அந்த இரண்டு சீமைகளையும் ஆண்டுத் தொகைக்கு எடுத்த குத்தகைதாரர். 1764 அக்டோபரில் மதுரையில் அவரைத் தூக்கிலிட்டதில் முடிந்த பகைக்குள் இந்தக் குத்தகைக் கணக்கும் கலந்திருந்தது. ஜமீன் ஏற்பாடு 1802இல் வந்தது. 1808க்குப் பிறகு கிராமங்களையே மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள். எதுவும் சரிப்படாமல் 1820இல் தாமஸ் மன்றோ ஆளுநராக வந்த பின் ரயத்துவாரி நிலைத்தது. அரசுக்கும் உழுபவருக்கும் நடுவே குத்தகைக்காரர் இல்லை என்பதுதான் ரயத்துவாரியின் உயிர்நாடி. சரியாகச் சொன்னால், பழைய பொருளில் ஃபார்மரை ஒழித்த திட்டம் அது.

கடல் கடந்த ஊர்களில் அவர் ஒழியவில்லை. சிங்கப்பூரில் 1820இல் கம்பெனியின் நிர்வாகி ஃபார்குவார் அபினி, சாராயம், சூதாட்டம் மூன்றையும் ஃபார்ம்களாக ஏலம் விட்டார். ஓபியம் ஃபார்ம் என்று வாசிக்கும்போது கசகசாச் செடி பூத்த தோட்டம் கண்ணில் வரும். அப்படி ஒரு செடியும் அங்கே இல்லை. விற்பனை உரிமையின் குத்தகை அது. சில காலங்களில் அந்தக் குடியேற்றத்தின் வருவாயில் அரைப்பங்கு அளவுக்கு அதிலிருந்தே வந்தது. 1910இல்தான் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. இலங்கையிலும் சாராயக் குத்தகை எடுத்தவர்கள் பெரும் செல்வர்களாக எழுந்தார்கள். நெல் வரி வசூலும் நெடுங்காலம் குத்தகையில் இருந்தது. 1892இல் அந்த வரியையே நீக்கினார்கள்.

தமிழில் குத்தகை என்ற சொல் எவ்வளவு அகலமானது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வயல் குத்தகை மட்டுமா? ஏரி மீன் குத்தகை, சாலையோரப் புளியமரக் குத்தகை, சந்தைக் குத்தகை, சுங்கக் குத்தகை எல்லாம் உண்டு. கன்னடத்தில் 'குத்திகெ' என்றால் ஒப்பந்தம். தெலுங்கில் ஏகபோகத்துக்கே 'குத்தாதிபத்தியம்' என்று பெயர். இடைக்கால ஆங்கிலத்தின் ஃபார்ம் எவ்வளவு இடத்தை நிரப்பியதோ அவ்வளவையும் நம் குத்தகை நிரப்புகிறது. கிரிக்கெட்டில் கடைசி ஆட்டக்காரர் நிற்கும்போது மறுமுனையில் உள்ளவர் பந்துகளையெல்லாம் தானே எதிர்கொள்வதை 'ஸ்ட்ரைக்கை ஃபார்ம் செய்கிறார்' என்று வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள். பேச்சை மொத்தக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டான் என்று நாம் சொல்வதன் நேர் இணை.

தமிழில் ஃபார்முக்குப் 'பண்ணை' என்ற சொல் அமைந்தது வேறு கதை. தொல்காப்பிய உரியியலில் பண்ணைக்கு விளையாட்டு என்ற பொருள் இருக்கிறது. பிற்கால நிகண்டுகளில் வயல், மருத நிலம் என்றும் வருகிறது. நிலவுடைமைக் காலத்தில் அது பெரிய மனிதரின் சொந்தச் சாகுபடியைக் குறித்தது. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன்தாரின் சொந்த நிலத்தை வரையறுக்கும்போது அதற்கு ஊரில் வழங்கும் பெயர்களாகக் கம்பத்தம், பண்ணை முதலியவற்றைச் சொல்கிறது. ஆக, ஃபார்மும் பண்ணையும் எதிரெதிர் முனையில் பிறந்தவை. பிரபு தன் கையை விட்டு வெளியே கொடுத்த நிலம் ஃபார்ம். பெரியவர் தன் கையிலேயே வைத்துக்கொண்டது பண்ணை. ஒன்றில் தொகை கட்டும் குத்தகைக்காரர் நிற்கிறார், மற்றதில் பண்ணையாரும் அவருக்குக் கீழே பண்ணையாளும் நிற்கிறார்கள்.

தஞ்சைப் பண்ணையாள் யார் என்பதைச் சொல்லாமல் இந்தச் சொல்லைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு பண்ணைக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர். பெரும்பாலும் தலித். அவரை நினைத்த நேரத்தில் விரட்டக் கூடாது, இவ்வளவு கூலி தர வேண்டும் என்று சொல்ல 1952இல் தஞ்சைக்கென்றே ஒரு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது. அதற்குப் பதினாறு ஆண்டு கழித்தும் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். அன்றைக்கு மிராசுதாரர்கள் தங்கள் சங்கத்துக்கு வைத்திருந்த பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் அந்த உற்பத்தியாளர் பட்டியலில் இல்லை. கோழிப் பண்ணை, பால் பண்ணை, விதைப் பண்ணை என்று இன்று வெள்ளந்தியாக ஒலிக்கும் சொல்லுக்குள் அந்த இரவும் இருக்கிறது.

உழுபவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் வேறு திசையில் போகின்றன. விவசாயம் என்பதன் வடமொழி மூலத்தில் முயற்சி, உறுதி என்ற பொருள். கரிசல் காட்டில் 'சம்சாரி', குடும்பத்தைச் சுமப்பவர். ஈழத்தில் கமம் செய்பவர் 'கமக்காரர்'. அரசுத் துறையே அங்கே கமநல அபிவிருத்தித் திணைக்களம்தான். கொங்கு நாட்டில் 'பண்ணையம்' என்றால் சொந்தமாக வெள்ளாமை பார்ப்பது. பண்ணையார் வாடை அதில் அவ்வளவாக இல்லை. இத்தனை பெயரில் ஒன்றுகூடத் தொகையிலிருந்து பிறக்கவில்லை.

ஆங்கிலத்தில் ஃபார்ம் இன்று எங்கெங்கோ பரவிவிட்டது. காற்றாலை வரிசைக்கும், கணினிகள் அடுக்கிய கூடத்துக்கும், இணையத்தில் பொய்ச் செய்தி பரப்பும் கூலிப்படைக்கும் அதே பெயர். திருகோணமலையில் ஆங்கிலேயர் கட்டிய பெருந்தாங்கிகளின் கூட்டத்தை 'டேங்க் ஃபார்ம்' என்பார்கள். ஈழத்தமிழர் எண்ணெய்க் குதம் என்று அழகாக முடித்துவிட்டார்கள். இவற்றில் வரிசையாக நட்டு வைத்த தோற்றம்தான் பொதுப் பண்பு. ஆனால் 19ஆம் நூற்றாண்டு லண்டனின் 'பேபி ஃபார்மிங்' பழைய வேரிலிருந்தே வளர்ந்தது. மணமாகாத ஏழைத் தாய்மாரின் சிசுக்களை ஒரு மொத்தத் தொகைக்கு வளர்க்க எடுத்துக்கொள்வது. தொகை மாறாது என்பதால் குழந்தை எவ்வளவு சீக்கிரம் இறந்ததோ அவ்வளவு லாபம். 1870இல் மார்கரெட் வாட்டர்ஸ் என்பவரைத் தூக்கிலிட்ட பிறகு 1872இல் சிசுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்படியும் அந்தத் தொழில் ஓயவில்லை; 1896இல் அமெலியா டையரும் தூக்குமேடை ஏறினார். டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்டைக் கைக்குழந்தையாக அனுப்பி வைத்ததும் இப்படி ஒரு தலைக்கு இவ்வளவு என்று பேசிய இடத்துக்குத்தான்.

தமிழ்நாட்டில் 2019இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று ஒரு சட்டம் இயற்றினார்கள். சொல்லின் வரலாறு தெரிந்தவருக்கு அந்தப் பெயரே ஒரே பொருளை இரண்டு முறை சொல்வதாகத் தோன்றும். பல்லடம் பக்கம் போனால் அந்தப் பழைய பொருள் உயிரோடு இருப்பதைக் காணலாம். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தரும். கொட்டகை, மின்சாரம், இரவுக் காவல், உழைப்பு எல்லாம் வளர்ப்பவருடையது. கோழி கடைசி வரை கம்பெனிக்குச் சொந்தம். எடைக் கணக்கில் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கும். ஊரில் அவரைப் பண்ணையாளர் என்கிறார்கள். அவர் கொட்டகையில் அவருடைய கோழி ஒன்றும் இல்லை.

இன்னொரு பக்கம், சொல் தலைகீழாகப் புரண்டு நிற்கிறது. 2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை, குத்தகைதாரர், வாரதாரர், விவசாயத் தொழிலாளர் ஆகியோரையும் விவசாயி என்ற வரையறைக்குள் சேர்த்தது. சுவாமிநாதன் ஆணையத்தின் உழைப்பில் விளைந்த நல்ல வரையறை அது. ஆனால் 2019இல் தொடங்கிய ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித் திட்டம் நிலப் பதிவேட்டில் பெயர் உள்ள குடும்பங்களுக்கு மட்டும்தான். நிலமில்லாத குத்தகைதாரருக்கு அதில் இடமில்லை. குத்தகை எடுத்தவர் என்பதாலேயே ஃபார்மர் என்று பெயர் பெற்ற ஒருவர், குத்தகை எடுத்தவர் என்பதாலேயே அந்தப் பெயரை இழக்கிறார்.

குத்தகைதாரருக்கு உரிமைப் பதிவு தர 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடைமையாளர் அஞ்சுவதால் பெரும்பாலான குத்தகை வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட நில உடைமையைக் காட்டும் சிட்டா வேண்டும், பயிர் விவரத்தைக் காட்டும் அடங்கல் வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல் வேண்டும். டெல்டாவில் குறுவை அறுத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரின் மேசை முன் நிற்பவர்களில் பலர், வேறொருவர் பெயரில் உள்ள சிட்டா நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள்.